கொசுறுக் குருவி

ஏ மருமவனே, இந்த வருசம் கோயில் அசன விருந்துக்கு ஊருக்கு வரமாட்டியாமே? உங்க அம்மை போன்ல சொல்லி மூக்கைச் சிந்துனா. “காரை வித்துட்டானாம்ணே, திசையன்விளை பஸ்ஸ்டாண்டுல வந்து எறங்க வெக்கமா இருக்குங்கான்”னா. நான் சிரிக்கலடே. வாய் நெறைய வெத்தலை இருந்துச்சு, அதனால முடியல.

உன் சங்கடம் எனக்குப் புரியுது. கார் நம்பரைப் பாத்துத்தான் ஆண்டவரு உன்னை அடையாளம் கண்டுக்கிடுதாருன்னா, வித்தது பெரிய தப்புதான். நீ பஸ்ஸுல வந்து எறங்குனா, “யாருடே இது, போன வருசம் வெள்ளைக் காருல வந்தவனாட்டம் இருக்கான்”னு அவரு குழம்பிப் போவாரு, பாவம்.

கால்டுவெல் ஐயர் 1841-ல மெட்ராஸ்ல இருந்து இடையன்குடிக்கு வந்து சேந்தாரு. எதுல வந்தாருங்க? பெரும்பாலும் கால்நடையாத்தான். சனங்களைப் பாத்துப் பழகணும்னு வேணும்னே நடந்த மனுசன். அங்கன கோயில் வேலை தொடங்குனது 1847-ல, பிரதிஷ்டை நடந்தது 1880-ல. முப்பத்திமூணு வருசம். நீ கடை தொறந்து மூணே வருசத்துல நட்டமாயிப் போச்சுன்னு, “மாமா, நான் ஒண்ணுத்துக்கும் ஒதவாதவன்”ங்க. ஒதவாதவனாவுறதுக்குக் கூடக் கொஞ்சம் பொறுமை வேணும்டே.

போன வருசம் அறுப்பின் பண்டிகை ஏலத்துல நீ நின்ன நிலை இன்னும் என் கண்ணுக்குள்ளயே நிக்குது. ஒத்த எலுமிச்சம்பழம். மேலத்தெரு காண்ட்ராக்டர் ஐநூறுன்னாரு. நீ ஆயிரம்ன. அவரு ரெண்டாயிரம்ன்னாரு. நீ சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கிட்டு மூவாயிரம்ன பாரு, பீடத்துப் பக்கம் நின்ன உபதேசியாருக்கே வேத்துப் போச்சு. எல்லாரும் திரும்பி உன்னையப் பாத்தாவ. எலுமிச்சம்பழத்தை எவனும் பாக்கல. அன்னைக்கு ஏலம் போனது எதுன்னு நானா சொல்லணும்?

எருசலேம் தேவாலயத்துல ஆண்டவரும் காணிக்கைப் பெட்டிக்கு எதுத்தாப்புல உக்காந்து, யாரு எம்புட்டுப் போடுதாவன்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தாரு. துட்டுக்காரன்லாம் நெறையப் போட்டானுவ. ரெண்டு காசு போட்ட கைம்பொண்டாட்டியத்தான் அவரு சீசன்மாரைக் கூப்பிட்டுக் காட்டுனாரு. அவ பேரு என்னன்னு வேதத்துல கிடையாது. நம்ம கமிட்டியா இருந்தா பேரு கேட்டு ரசீது கிழிச்சிருப்பான். உங்க ஆச்சியும் அந்தச் சாதிதான். ஒலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைக் கோயிலுக்குன்னு தனிக் கலயத்துல போட்டுட்டுத்தான் மிச்சத்தைப் பொங்குவா. மிச்சம்னா என்ன, பாதி நாளு கஞ்சிதான்.

தப்பு உன்மேல மட்டும்னு சொல்ல மாட்டேன். பொன் மோதிரம் போட்டவன் வந்தா நல்ல எடத்துல ஒக்காரவச்சி, கந்தல்காரனை அங்கன நில்லுன்னு சொல்லுத கூத்து ஆதிச் சபையிலயே நடந்திருக்கு. இல்லாட்டா யாக்கோபு தன் நிருபத்துல ரெண்டாம் அதிகாரத்தை அதுக்குன்னு செலவழிச்சு ஏசியிருப்பாரா? நாம மட்டும் என்ன யோக்கியம்? திருமண்டலத் தேர்தல் வந்துட்டா வேட்டிக்கரை அகலத்தை வச்சுத்தான பக்தியை அளக்கோம். நீ கார்ல வந்தப்ப முன் வரிசையில எடம் ஒதுக்கித் தந்தது இதே ஊருதான். ஊரு பழக்குன பழக்கத்துல நீ கெட்ட.

நீ பலசரக்குக் கடைக்காரன், உனக்கு ஒரு கணக்கு சொல்லுதேன், சரியான்னு பாரு. மத்தேயுல ஒரு காசுக்கு ரெண்டு அடைக்கலான் குருவி. லூக்கா 12-ம் அதிகாரத்துல ரெண்டு காசுக்கு அஞ்சு. ரெண்டு காசுக்கு நாலுதான வரணும்? அப்போ அஞ்சாவது?

கொசுறு! ஆமடே, கொசுறு. கருவேப்பிலைக் கொத்தை நீ தூக்கிப் பையில போடுவியே, அது மாதிரி, வெலையே இல்லாம விழுந்த குருவி. அந்த அஞ்சுல ஒண்ணு கூடத் தேவனுக்கு மறக்கலங்காரு ஆண்டவரு. சந்தையில ஒரு காசும் பெறாததுக்கும் அந்தக் கணக்குல எடம் இருக்கு. நீ என்னன்னா, இம்புட்டு நாளும் நாம மொதக் குருவின்னு நெனச்சிக்கிட்டு இருந்துட்டு, கடை போன ஒடனே அஞ்சாவதாப் போயிட்டோமேன்னு அழுத. கார் இருந்தப்பவும் நீ அஞ்சாவதுதான்டே. நானும்தான். அந்தக் காண்ட்ராக்டரும்தான், அவருக்கு இன்னும் யாரும் சொல்லல.

அதே அதிகாரத்துலதான் இன்னொருத்தனும் வாரான். வெளைச்சல் கொள்ளல, களஞ்சியத்தை இடிச்சுப் பெருசாக் கட்டணும்னு பிளான் போட்டவன். அன்னைக்கு ராத்திரியே உசுரைக் கேட்டுட்டாவ. நீ மாதவரத்துல ரெண்டாவது குடோனுக்கு அட்வான்ஸ் குடுத்தப்பவே இதைச் சொல்ல வாயெடுத்தேன், உங்க அத்தை தொடையில கிள்ளிட்டா.

உங்க தாத்தன் தெனமும் முப்பது நாப்பது பனை ஏறுவாரு, காலையிலயும் சாயங்காலமும். நெஞ்செல்லாம் காய்ப்பு. சகேயு ஒரு துட்டுக்காரன், ஆண்டவரைப் பாக்கணும்னு ஒரே ஒரு தடவை மரத்துல ஏறுனான், அதுக்கே வேதத்துல பேரு வந்துட்டு. நம்ம கெழவரு அதைக் கேட்டுச் சிரிப்பாரு. ஞாயித்துக்கெழமை கஞ்சி போட்ட ஒத்தச் சட்டையோட பின்வரிசையில உக்காந்து, தாளம் தப்பிக் கீர்த்தனை பாடுவாரு. பண்ணையாரு எதுத்தாப்புல வந்தா வெளிய துண்டைக் கக்கத்துல இடுக்குன மனுசன், கோயிலுக்குள்ள மட்டும் தோள்ல போட்டிருப்பாரு. அவருகிட்ட யாராவது உம்ம மதிப்பு எம்புட்டுவேன்னு கேட்டிருந்தா, கேட்டவனுக்குக் கிறுக்குன்னு நெனச்சிருப்பாரு.

அதனால பஸ்ஸுலயே வா. அசனத்துல எல்லாருக்கும் தரையிலதான் பந்தி, கார்ல வந்தவனுக்குன்னு தனியாக் கறித்துண்டு வைக்க முடியாது. எனக்குப் பக்கத்துல எடம் போட்டு வைக்கேன். வரும்போது பெருசா ஒரு தூக்குவாளி கொண்டா, நம்ம வீட்டுத் தூக்கு ஒழுகுது.

சொல்ல மறந்துட்டேன். அந்த மூவாயிரத்தை நீ இன்னும் கட்டலயாமே? பொருளாளர் நேத்துத்தான் நோட்டைப் புரட்டிக் காட்டுனாரு. கார் வித்த வெக்கம்னு உங்க அம்மைகிட்ட சொன்னது சரி, எங்கிட்டயுமாடே? பழத்தைத் திருப்பிக் குடுத்துரலாம்னு மட்டும் கணக்குப் போடாத. அன்னைக்குச் சாயங்காலமே பிழிஞ்சு குடிச்சிட்டேன்.