வழி தெரியாத ஆடம்பரம்

பழைய சொகுசுக் காரில் புதிய மேம்பாலம் ஏறிப் பாருங்கள். வழிகாட்டித் திரையில் நீங்கள் வயற்காட்டின் நடுவே பறந்துகொண்டிருப்பீர்கள். வரைபடத்தைப் புதுப்பிக்கலாம்தான். டிவிடி வேண்டும், சில மாடல்களுக்கு உங்கள் காருக்கென்றே தரும் ரகசியக் குறியீடும் வேண்டும், சர்வீஸ் சென்டர் பில்லைக் கட்டத் தெம்பும் வேண்டும். புதிய வரைபடத்தை ஏற்றும்போது பேட்டரி இறங்கினால் திரை மொத்தமாகக் கண்ணை மூடினாலும் மூடலாம்.

காருக்குள் இருக்கும் மின்னணுச் சாதனங்கள் காலாவதியாவது பொதுவான வியாதி. 2022 ஜனவரியில் பழைய ஹோண்டா, அக்யூரா கார்கள் பலவற்றின் கடிகாரம் 2002-க்குத் தாவியது. உரிமையாளருக்கு இருபது வயது குறைந்திருந்தால் கோயில் கட்டியிருப்பார். குறைந்தது தேதி மட்டும். அடுத்த மாதமே அமெரிக்காவில் ஏடி அண்ட் டி தொலைத்தொடர்பு நிறுவனம் 3ஜி சேவையை நிறுத்த, அதை நம்பியிருந்த கார்களின் இணைய வசதி ஊமையானது.

கடைசியில் என்ன நடக்கிறது? தோல் தைத்த டேஷ்போர்டில் பிளாஸ்டிக் ஸ்டாண்டு ஒட்டி, டிரைவர் தன் மொபைலைச் செருகுகிறார். அது நேராகப் போகச் சொல்கிறது. காரின் திரைக்குள் குரல் கொடுக்கும் அம்மணியோ, "முடிந்தால் திரும்பிச் செல்லவும்" என்று கெஞ்சுகிறார். திரையைக் கழற்றி எறியலாமென்றால் ரேடியோவும் செட்டிங்ஸும் அதற்குள்தான். ஓய்வுபெற்ற அதிகாரியிடமே இன்னும் கையெழுத்து வாங்க வேண்டிய நிலைமை!