ஹாலில் மாட்டிய மணி

ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலை வெளியானது 2005-இல். முதோல், ராம்பூர், இமயமலை மேய்ப்பு நாய் ஆகியவற்றுக்கும் அன்றே அந்த மரியாதை கிடைத்தது. மயிலாடுதுறையில் ஓய்வுக் காலத்தைக் கழிக்கும் போஸ்ட் மாஸ்டருக்கு அது மனதில் தங்கிவிட்டது. "வம்சம் இருக்கிற நாய்க்கெல்லாம் ஸ்டாம்ப். நம்ம மணிக்கு ஒரு படமாவது வேணாமா?" என்று அவர் கேட்டபோது, தெருவில் பிறந்த மணி வாசற்படியில் படுத்துக் காதைச் சொறிந்துகொண்டிருந்தது.

மணி கறுப்பு. கரண்ட் போனால் மிதித்துவிடுவோமோ என்று வீட்டார் டார்ச் தேடும் கறுப்பு. நெற்றியில் மட்டும் சுண்டுவிரல் நகமளவு வெள்ளை.

கறுப்பு நாயைப் படம் எடுப்பது தனிக் கொடுமை. காமிரா எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கத்தான் நினைக்கும். படம் முழுக்கக் கறுப்பு நிறைந்தால், வெளிச்சம் போதவில்லையென்று தானாகவே கூட்டிவிடும். மணி பழைய குடைத்துணி நிறத்துக்கு வெளுத்துவிடும். குறைத்து எடுத்தாலோ கண்ணும் மூக்கும் மயிருக்குள் போய் ஒளிந்துகொள்ளும். கடைசியில் ஜன்னலோரம் உட்கார வைத்து, பொறை ஒன்றைத் தூக்கிக் காட்டிப் பேரன் எடுத்த படம் தேறியது. இரண்டு கண்களிலும் ஜன்னல் ஒரு வெள்ளைப் புள்ளியாக விழுந்திருந்தது. அதை அவன் வாட்ஸ்அப்பில் அனுப்ப, வழியிலேயே பாதி இளைத்துத்தான் தாத்தாவிடம் வந்து சேர்ந்தது.

அதை ஓவியமாக்கி ஹாலில் மாட்ட வேண்டும் என்றார் தாத்தா. "ஆப்ல போட்டா ரெண்டு செகண்ட் தாத்தா" என்றான் பேரன். பொய்யில்லை. ஓர் ஓவியத்தின் பாணியை உருவி எந்தப் புகைப்படத்தின் மேலும் பூசிவிடும் வழியை ஜெர்மனியின் டூபிங்கனில் மூன்று ஆய்வாளர்கள் 2015-இல் காட்டினார்கள். மறு வருடமே பிரிஸ்மா என்ற செயலி அந்த வித்தையைக் கைப்பேசிக்குக் கொண்டுவந்துவிட்டது. அதே 2015-இல் கூகுள் வெளியிட்ட டீப்ட்ரீம் என்ற நிரல் இன்னும் வேடிக்கை. மேகத்தைக் காட்டினாலும் அதற்குள் நாய் மூஞ்சி முளைக்கும். அதைப் பழக்கிய படத்தொகுப்பில் இருந்த ஆயிரம் வகைகளில் சுமார் 120 வகை நாய் இனங்கள். நாயைப் பார்த்தே வளர்ந்த பிள்ளை வேறென்ன கனவு காணும்?

பேரனின் செயலியில் மணி வான்கோ பாணியில் வந்தது. உடம்பெல்லாம் மஞ்சளும் நீலமுமாகச் சுழி சுழியாக. போஸ்ட் மாஸ்டரின் மனைவி கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "என்னங்க, சொறி பிடிச்ச மாதிரி இருக்கே. டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

இனி கையால்தான் என்று போஸ்ட் மாஸ்டர் முடிவெடுத்தார். போட்டோஷாப்பில் ஆயில் பெயின்ட் என்றே ஒரு ஃபில்டர் உண்டு. 2012-இல் வந்தது, 2014 பதிப்பில் காணாமல் போனது, 2015 முடியும்போது திரும்பி வந்தது, தீபாவளிச் சீர் போதாதென்று கோபித்துக்கொண்டு போன மாப்பிள்ளை மாதிரி. ஆனால் அதற்குச் சந்தா கட்ட வேண்டும். பென்ஷன்காரருக்கு ஏற்றது காசு கேட்காத கிம்ப் என்ற மென்பொருள். அதில் அந்த வேலைக்கு ஆயிலிஃபை என்று ஒரு ஃபில்டர்.

அது செய்வது ஒரு தேர்தல். படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளைக் கூட்டி வாக்கெடுப்பு நடத்தும். அந்த வட்டாரத்தில் எந்த நிறம் அதிகமோ அது ஜெயித்து அங்கே உட்கார்ந்துகொள்ளும். நிறங்கள் திட்டுத் திட்டாக, மொத்தத் தூரிகையால் அப்பியது போல வருவது அதனால்தான். மாஸ்க் சைஸ் என்ற எண்ணைக் கூட்டக் கூட்டத் தொகுதி பெரிதாகும். சுயேச்சைகள் பாடு திண்டாட்டம். போஸ்ட் மாஸ்டர் தாராளமாகக் கூட்டினார். மணியின் மீசை மயிர்கள் முதல் சுற்றிலேயே டெபாசிட் இழந்தன. கண்ணிலிருந்த ஜன்னல் புள்ளிகள் அடுத்த சுற்றில் போயின. மிஞ்சியது, காது வைத்த தார் டின்.

இதற்கு வைத்தியம் உண்டு. ஓவியமாக்கிய படத்தை மேலே ஒரு லேயராகவும் அசலை அதற்குக் கீழேயும் வைத்து, மேல் லேயருக்கு மாஸ்க் போட்டு, கண் இருக்கும் இடத்தில் கறுப்புத் தூரிகையால் தடவினால் அங்கே மட்டும் ஓவியம் விலகி, அசல் கண் எட்டிப் பார்க்கும். போஸ்ட் மாஸ்டர் இதற்குக் கண் திறப்பு என்று பெயர் வைத்தார். சிலைக்கு ஸ்தபதி கடைசியில் கண் திறப்பது போல, குளித்துவிட்டு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு செய்தார். ஜன்னல் திரும்பி வந்தது. மூக்கின் ஈரம் வந்தது. மீசையைத் தானே ஒவ்வொன்றாக இழுத்தார். இடப் பக்கம் இரண்டு அதிகம்.

"கறுப்பு ஜாஸ்தி சார், மெஷின் இங்க்கை குடிச்சிடும்" என்று அலுத்துக்கொண்டே, பதினெட்டுக்கு இருபத்துநான்கு அங்குல கேன்வாஸில் அடித்துக் கொடுத்தார் பிரிண்ட் கடைக்காரர்.

ஹாலில் ஆணி காலியாக இருந்தது ஒரே இடத்தில். போஸ்ட் மாஸ்டரின் காலஞ்சென்ற தகப்பனார், தாயார் படங்களுக்கு அடுத்து.

மறுநாள் வந்த எதிர்வீட்டு அம்மாள் படத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எப்போ தவறுச்சு? கேள்விப்படவே இல்லையே." காபி வேண்டாமென்றார். யாரும் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், துக்க வீட்டில் செய்வதுபோலச் சொல்லிக்கொள்ளாமலே எழுந்து போனார். மணி வழக்கம்போல் வாலை ஆட்டிக்கொண்டு கேட் வரைக்கும் அவரைக் கொண்டுபோய் விட்டு வந்தது.

மனைவியின் குறை வேறு. "எல்லாம் சரிங்க. நெத்தி வெள்ளை எங்கே?"

போஸ்ட் மாஸ்டர் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தார். நகமளவு வெள்ளையைச் சுற்றி அத்தனையும் கறுப்பு வாக்கு. கண்ணைத் திறந்தவர் நெற்றியை மறந்துவிட்டார். மறுபடி அடிக்கச் செலவு என்ன ஆகும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டு, வாயைத் திறக்காமல் பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை, வீட்டு வேலைக்கு வரும் அக்கா சாமி படங்களைத் துடைத்துச் சந்தனம் வைத்தார். அப்படியே தகப்பனாருக்கு, தாயாருக்கு. கை நிற்கவில்லை, அடுத்த படத்துக்கும் நடு நெற்றியில் ஒன்று வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டார். மத்தியானத்துக்குள் சந்தனம் காய்ந்து வெளுத்தது. மனைவி சற்றுத் தள்ளி நின்று பார்த்தார்.

"தொடச்சிடாதீங்க" என்றார். "இப்பதான் மணி மாதிரி இருக்கு."