ஆள் குறைந்த தெருக் கிரிக்கெட்டில் ‘காமன்’ ஆட்டக்காரரின் நிலை: ஓர் ஆய்வு

கிரிக்கெட் விதிகளை வகுத்துக் காத்துவரும் லண்டனின் எம்.சி.சி. கழகம், ஓர் அணிக்கு 11 பேர் என்று தன் முதல் விதியிலேயே வரையறுத்துவிட்டு, இரு தரப்பும் இசைந்தால் அதற்குக் குறைந்தோ கூடியோ ஆடலாம் என்று அதே விதியில் வழியும் விட்டிருக்கிறது. ஆயினும், தமிழகத் தெருவொன்றில் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு பேர் மட்டும் வந்து நின்றால் என் செய்வது என்பதற்கு அதில் விடை இல்லை. ஏழை இரண்டால் வகுத்தால் ஒன்று மிஞ்சும் என்ற சங்கடம் 1787-இல் அக்கழகத்தைத் தோற்றுவித்த கனவான்களுக்கு நேர்ந்திராது போலும்.

அவ்வாறு மிஞ்சுபவரே ‘காமன்’, அதாவது இரு அணிக்கும் கடைசி ஆளாக பேட்டிங் செய்து, இரு அணிக்கும் ஃபீல்டிங் நின்று, எந்த அணிக்கும் பந்து வீசாதவர். இவரை ஒப்புக்குச் சப்பாணியோடு குழப்பிக்கொள்ளலாகாது. ஒப்புக்குச் சப்பாணி என்பவர், அழுகை தாளாமல் அம்மா அண்ணனோடு அனுப்பிவைத்த தம்பி. அவர் அவுட்டானாலும் அவுட்டில்லை, அடித்த ரன்னும் கணக்கில் ஏறாது. காமனின் ரன்னோ இரு கணக்கிலும் ஏறுவதால், எந்த இன்னிங்ஸில் அவர் மனம் வைத்து ஆடினார் என்ற ஐயம் இயல்பாகவே பிறக்கிறது. மின்கம்பத்தருகே நிற்கும் காமனின் கால்களுக்கிடையே பந்து புகுந்தோடும்போது, அவர் குனிந்தது பந்து கடப்பதற்கு முன்பா பின்பா என்று தொடங்கும் விசாரணை, அந்த ஓவர் முடிவதற்குள் “அப்போ நீ அவனுங்க ஆளுதானே?” என்ற தீர்ப்பாகவே முதிர்ந்துவிடுகிறது.

ஏனைய விதிகளும் ஆள் பஞ்சத்திலிருந்தே கிளைத்தவை. கீப்பரை பேட்டிங் அணியே தந்துதவும். அவர் பிடிக்கும் கேட்சும் செய்யும் ஸ்டம்பிங்கும் செல்லாது என்பதால், பந்து சாக்கடைக்குள் போகாமல் தடுப்பதொன்றே அவர் கடமை. ஃபீல்டர் நிற்காத பக்கம் அடித்தால் ரன் இல்லை. தரையில் ஒருமுறை குத்தி எழுந்த பந்தை ஒற்றைக் கையால் பிடித்தாலும் அவுட் என்னும் ‘ஒன் பிட்ச்’ முறை, எம்.சி.சி. நோக்கில் அப்பட்டமான விதிமீறலே எனினும், முழுத் தெருவையும் மூவர் காக்கும் நிலையில் அதைக் குறைசொல்வதற்கில்லை. ‘லாஸ்ட் மேன்’ உண்டு என்று முன்கூட்டியே பேசிக்கொண்ட ஆட்டத்தில், எஞ்சிய ஒருவர் எதிர்முனையில் ஒரு செருப்பை மட்டுமே துணையாகக் கொண்டு ஆட்டத்தைத் தொடரலாம். பேசிக்கொள்ளாத ஆட்டத்தில் இது குறித்து எழும் வாக்குவாதம் ஆட்டத்தைவிட நீளமானது.

ஆய்வாளர் இன்னும் தீர்க்காத சிக்கல், பந்து தொலைந்தபின் புதுப்பந்துக்குக் காசு பிரிப்பதில் உள்ளது. இரு அணியிலும் ஆடியமையால் காமன் இரண்டு பங்கு தரவேண்டும் என்பது ஒரு வாதம். எந்த அணியையும் சேராதவர் என்பதால் ஒன்றும் தரவேண்டியதில்லை என்பது காமனின் வாதம். காலை முழுதும் எதிலும் ஒத்துப்போகாத இரு அணிகளும் முதல் வாதத்தின் பக்கம் ஒருமனதாக நிற்பது கவனிக்கத்தக்கது.