350 டிகிரி இலையுதிர்காலம்

அமெரிக்காவில் இலையுதிர்காலம் ஆகஸ்ட் கடைசியில், காபிக் கடையில் தொடங்குகிறது. வெளியே நியூஜெர்சி வெயில் மண்டையைப் பிளக்கும். மரத்தில் ஓர் இலைகூடப் பழுத்திருக்காது. கடை வாசலில் மட்டும் பம்ப்கின் ஸ்பைஸ் லாட்டே வந்துவிட்டதாகப் பலகை வைத்துவிடுவார்கள். ஸ்டார்பக்ஸ் 2003-இல் கொண்டுவந்த பானம் அது. அதில் நிஜமான பூசணிக்காய் சேர்ந்தது 2015-இல்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களை நாம் ஊரிலேயே பார்த்திருக்கிறோம். இல்லாத பூசணிக்காயைக் காபியில் காட்டிப் பன்னிரண்டு வருஷம் வியாபாரம் செய்தவர்களை இங்கே வந்துதான் பார்த்தேன்.

ஆனால் இதை மோசடி என்று சொல்ல முடியாது. பம்ப்கின் ஸ்பைஸ் என்பது பூசணிக்குப் போடுகிற மசாலா. சாம்பார்ப் பொடிக்குள் யாரும் சாம்பாரைத் தேடுவதில்லையே! பட்டை, சுக்கு, ஜாதிக்காய் வகையறாக்களைப் பொடித்து, மெக்கார்மிக் கம்பெனி 1934-இல் ஒரே டப்பியில் அடைத்து விற்றது. பம்ப்கின் பை செய்கிறவர்களுக்கு நாலைந்து டப்பிகளைத் திறந்து மூடுகிற வேலை மிச்சம். அங்கே ஆரம்பித்த மசாலா அப்புறம் மெழுகுவத்திக்குப் போனது, சோப்புக்குப் போனது, நாய் பிஸ்கட்டுக்கும் போனது. 2019-இல் ஹார்மெல் கம்பெனி, ஸ்பாம் என்கிற டப்பா இறைச்சியிலேயே அதைச் சேர்த்து விற்றது. விற்றும் தீர்ந்தது.

அக்டோபர் பிறந்துவிட்டால் இந்த ஊரில் ஏதாவது செய்தாக வேண்டும். சும்மா இருக்க விடமாட்டார்கள். வெர்மான்ட் வரைக்கும் காரை ஓட்டிப் போய்ச் சிவந்த இலைகளைப் பார்த்துவிட்டு வரலாம். என் வீட்டு வாசலில் அதே இலைகளைத்தான் சனிக்கிழமை தோறும் அள்ளிப் பையில் கட்டுகிறேன் என்பதால் எனக்கு அதில் நாட்டமில்லை. ஆப்பிள் தோட்டத்துக்குப் போய் நாமே ஆப்பிள் பறிக்கலாம். பறிக்கிறவனுக்குக் கூலி கொடுப்பது நம் வழக்கம். இங்கே பறிக்கிறவன் உள்ளே நுழையவே காசு கொடுக்கிறான். கொடுத்துவிட்டு, ஏணியில் நின்று போட்டோவும் எடுத்துக்கொள்கிறான். வைக்கோல் பரப்பிய டிராக்டரில் உட்கார்ந்து வயலைச் சுற்றி வருவதற்கும் டிக்கெட் உண்டு. ஊரில் அதில் ஏறினால் என் பெரியப்பா பிரம்பை எடுப்பார்.

எஞ்சியது அடுப்படி. ஆபீசிலும் அறிவிப்பு வந்திருந்தது: வெள்ளிக்கிழமை எல்லாரும் இலையுதிர்காலத்துக்குரிய பண்டம் ஒன்றை வீட்டில் செய்து கொண்டுவர வேண்டும். நான் பம்ப்கின் குக்கீ பார் என்று பெயர் கொடுத்தேன்.

குக்கீ செய்வதில் ஒரு கொத்தடிமைத்தனம் இருக்கிறது. மாவை உருண்டை உருண்டையாக உருட்ட வேண்டும். ஒன்றோடொன்று ஒட்டாமல் இடம் விட்டு அடுக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை தட்டு மாற்ற வேண்டும். குக்கீ பாருக்கு இதெல்லாம் கிடையாது. அதே மாவை 9-க்கு 13 அங்குலத் தட்டில் மொத்தமாகக் கொட்டிப் பரப்பி, ஒரே தடவையில் வேகவைத்து, ஆறியதும் துண்டு போட வேண்டியதுதான். சோம்பேறிகளை ஒரு தேசம் இவ்வளவு மரியாதையாக நடத்தி நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அந்தச் சமயம் அம்மா மயிலாடுதுறையிலிருந்து கொலுவுக்கு வந்திருந்தாள். வந்த மறுநாளே தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, "நல்ல ஊர்டா. வீட்டுக்கு வீடு வாசல்ல திருஷ்டிப் பூசணி வெச்சிருக்காங்க. மூஞ்சிகூடச் செதுக்கியிருக்காங்க. எப்ப உடைப்பாங்க?" என்று கேட்டாள்.

"உடைக்க மாட்டாங்கம்மா. அழுகுற வரைக்கும் அப்படியே வெச்சிருப்பாங்க."

"அப்ப திருஷ்டி எப்படிக் கழியும்?"

கழியாததால்தான் வருஷா வருஷம் வைக்கிறார்கள் போலிருக்கிறது.

சமையல் குறிப்பில் 'பத்தே நிமிஷ வேலை' என்று போட்டிருந்தது. எழுதியவர் தமிழர் இல்லை என்று உடனே தெரிந்தது. எங்கள் ஓவனுக்குள் இட்லிப் பானை, அடிகனத்த வாணலி, மூடி தொலைந்த குக்கர், கொழுக்கட்டைத் தட்டு எல்லாம் குடியிருக்கின்றன. அவற்றை வெளியேற்றி மாற்று இடம் கொடுப்பதே கால் மணி நேரம்.

ஓவனை 350 டிகிரியில் வைத்தேன். அம்மா எட்டிப் பார்த்தாள். நமக்கு ஃபாரன்ஹீட் என்பது காய்ச்சலுக்கு மட்டும் உரிய கணக்கு. "முன்னூத்தி அம்பதா? நூத்தி மூணுக்கே உங்கப்பாவை ஆஸ்பத்திரியில சேர்த்தோமேடா!" என்றாள். செல்சியஸில் 177 தான் என்று சொல்லிப் பார்த்தேன். அவளுக்கு அது இன்னொரு காய்ச்சலாகவே பட்டது.

பூசணி டப்பாவில் இருந்து வருகிறது. இல்லினாய் மாநிலத்தில் மார்ட்டன் என்ற சிற்றூர் தன்னை உலகத்தின் பூசணித் தலைநகர் என்று சொல்லிக்கொள்கிறது. லிபிஸ் பிராண்ட் பூசணியை டப்பாவில் அடைப்பது அங்கேதான். உள்ளே இருப்பது வாசலில் முகம் செதுக்குகிற ஆரஞ்சுப் பூசணி அல்ல. டிக்கின்சன் என்ற வெளிர்பழுப்புத் தோல்காரன். தாவரவியல்படி அவன் நம் பரங்கிக்காயின் இனம், இரண்டுக்கும் ஒரே லத்தீன் பெயர். வாசலில் இருப்பவன்தான் வேற்றினம். இதை நான் விளக்கி முடிப்பதற்குள் அம்மா ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்து, "பரங்கிதான். குழைய விட்டுட்டாங்க" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"முட்டை போடுவியா?"

போட வேண்டியதில்லை. மசித்த பூசணியே முட்டையின் வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் அதில் தண்ணீர் அதிகம். அப்படியே கொட்டினால் பார் மெத்தென்று கேக் ஆகிவிடும். கடித்தால் கொஞ்சம் பல்லோடு மல்லுக்கட்ட வேண்டும் என்றால் பூசணி விழுதைப் பிழிந்துதான் சேர்க்க வேண்டும். குறிப்பில் காகிதத் துண்டால் ஒற்றச் சொல்லியிருந்தது. "காகிதத்துல பிழியறதா?" என்று அம்மா மோர் வடிகட்டுகிற வெள்ளைத் துணியைக் கொண்டுவந்தாள். இரண்டு முறுக்கில் தண்ணீர் வெளியே வந்துவிட்டது.

மிச்சத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வெண்ணெய் இரண்டு குச்சி, அதாவது 226 கிராம், உருக்கியது. உருக்கிவிட்டால் மிக்சி, பீட்டர் எதுவும் வேண்டாம். பழுப்புச் சர்க்கரை ஒன்றேகால் கப், பூசணி ஒரு கப், கொஞ்சம் வெனிலா. இவற்றைக் கலக்கி, மைதா இரண்டு கப், சமையல் சோடா ஒரு டீஸ்பூன், அரை டீஸ்பூன் உப்பு சேர்த்து, மாவு மறைகிற வரை மட்டும் கிளற வேண்டும். அதற்கு மேல் பிசைந்தால் மைதா முறுக்கேறி ரப்பராகும். கடைசியில் ஒன்றரைக் கப் சாக்லேட் சில்லுகள்.

மசாலாவுக்கு நான் டப்பியைத் தேடிக்கொண்டிருந்தபோது அம்மா அஞ்சறைப்பெட்டியையும் சின்ன உரலையும் எடுத்து வைத்துவிட்டாள். பட்டை இரண்டு டீஸ்பூன், சுக்கு ஒன்று, ஜாதிக்காய் அரை, கிராம்பு கால். இடிக்க இடிக்க அவள் முகத்தில் சந்தேகம் படர்ந்தது. "சுக்கு தீபாவளி மருந்துக்கு. ஜாதிக்காய் குழந்தைக்கு உரைக்கறது. கிராம்பு பல்வலிக்கு. உங்க ஆபீஸ்ல யாருக்குடா உடம்பு சரியில்லை?"

தட்டு உள்ளே போய்க் கால் மணி நேரத்தில் வீடு முழுக்க வாசனை. இந்த வாசனைக்காகத்தான் அமெரிக்கர்கள் மெழுகுவத்தி வாங்குகிறார்கள். மாடியிலிருந்து என் மகள் இறங்கி வந்து, "பாட்டி, குருமாவா?" என்று கேட்டாள். இந்த நாட்டிலேயே பிறந்த குழந்தை. கடுகு தாளித்தால் அலறி ஊரைக் கூட்டுகிற எங்கள் வீட்டுப் புகை அலாரம் அன்றைக்கு வாயே திறக்கவில்லை. அதற்கும் இந்த ஊர்க் குடியுரிமை இருக்கிறது.

அரை மணிக்கு மேல் ஐந்து நிமிஷம் ஆனதும் நடுவில் ஒரு பல்குச்சியைக் குத்திப் பார்த்தேன். ஈர மாவு இல்லாமல் ஒன்றிரண்டு துணுக்கோடு வந்தால் போதும். சுத்தமாக வந்தால் ஆறும்போது இறுகிவிடும். முழுக்க ஆறுகிற வரை கத்தி படக்கூடாது. செய்முறையிலேயே கஷ்டமான கட்டம் இதுதான். என் மனைவி காவலுக்கு உட்கார்ந்தாள். காவலரே ஓர் ஓரத்தைச் சுரண்டியதற்குத் தடயம் இருக்கிறது.

குறுக்கே நாலு, நெடுக்கே ஆறு, மொத்தம் 24 துண்டு என்று நான் அளவுகோலோடு வந்தபோது அம்மா வெட்டி முடித்திருந்தாள். எல்லாம் டைமண்ட். ஐம்பது வருஷமாகத் தேங்காய் பர்ஃபிக்கு ஓடிய கை, பூசணிக்காக மாறிவிடுமா? டைமண்டாக வெட்டினால் நாலு ஓரத்திலும் முக்கோணங்கள் மிஞ்சும். முக்கோணத்தை வெளியாருக்குக் கொடுப்பது எங்கள் வம்சத்தில் வழக்கமில்லை. அம்மாவின் கோடுகள் ஓரத்திலிருந்து கொஞ்சம் தாராளமாகவே தள்ளி ஆரம்பித்திருந்தன. டப்பாவில் மிச்சமிருந்த முக்கால் கப் பரங்கியும் வீண்போகவில்லை, ராத்திரி பால் கூட்டானது.

வெள்ளிக்கிழமை ஆபீசில் மேஜை நிறையப் பண்டங்கள். பாதிக்குக் கடை ஸ்டிக்கர்கூடக் கிழிக்கவில்லை. என் டப்பாவைத் திறந்த சக ஊழியை ஒருத்தி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"ஒவ்வொன்றையும் இலை வடிவத்தில் வெட்டியிருக்கிறீர்களே! எவ்வளவு மெனக்கெட்டிருக்க வேண்டும்!"

ஆமாம், கொஞ்சம் நேரம் பிடித்தது என்றேன். அன்றைக்கு முதல் பரிசு எனக்கு. பம்ப்கின் ஸ்பைஸ் மெழுகுவத்தி.

சாயங்காலம் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"இலையா?" என்று யோசித்தாள். "என்ன இலைன்னு கேட்டியா?"

"கேக்கலைம்மா."

"கேட்டுட்டு வா. அடுத்த தடவை காம்பும் வெச்சே வெட்டிடலாம்."