வெடித்த கதவு நிலைக்கு வீட்டு வைத்தியம்

கதவு நிலை வெடித்துவிட்டதா? கவலை வேண்டாம். கிளிநொச்சியில் சுத்தியல் இல்லாத வீடு ஏது? கீழுள்ளபடி செய்யுங்கள். பாதியை ஏற்கெனவே செய்து முடித்திருப்பீர்கள்.

1. காரணத்தைக் கிளறாதீர்கள். 2012இல் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தில் 550,000 ரூபா கட்டங்கட்டமாக வந்தது. அடுத்த கட்டக் காசுக்கு அவசரப்பட்டு, ஈரம் காயாத வேம்பில் நிலை வைத்தது நீங்கள்தான். பழியை வெயில் மேல் போடுங்கள்.

2. ஆடி வெக்கையில் வெடிப்பு வாய் திறக்கும். குற்றிக்காசு நுழையுமளவுக்கு வரட்டும், பொறுத்திருங்கள். கார்த்திகை மழையில் மரம் ஊதி, வெடிப்பு தானாக மூடிக்கொள்ளும். "பாத்தியே, சுகமாயிட்டுது" என்று மனைவிக்குச் சொல்லுங்கள். மரம் நீளவாக்கில் அவ்வளவாக அசையாது, அகலவாக்கில்தான் ஊதிச் சுருங்கும் என்று யாராவது தொடங்கினால், தேத்தண்ணி கொடுத்துப் பேச்சை மாற்றுங்கள்.

3. அடுத்த ஆடியில் சீமெந்து குழைத்து அடையுங்கள். மறுபடி மழை வரும், மரம் ஊதும், சீமெந்து விட்டுக்கொடுக்காது. ஒரு வெடிப்பு இருந்த இடத்தில் இப்போது இரண்டு.

4. இனி நாலு அங்குல ஆணி. முன்துளை போடாதீர்கள். விஷயம் தெரிந்த ஓடாவி ஆணியின் கூரைத் தட்டி மழுக்கிவிட்டு அடிப்பார். கூர் முனை ஆப்புப்போல நாரைப் பிரிக்கும். மழுங்கிய முனை நாரை நசுக்கிக்கொண்டு இறங்கும். உங்களுக்கு அந்தப் பயமெல்லாம் எதற்கு? கூராகவே, பிணைச்சலுக்குப் பக்கத்தில், வெடிப்பிலிருந்து ஒரு விரல் தள்ளி இறக்குங்கள். மூன்றாவது அடியில் 'சடக்' என்று கேட்கும். மரம் ஆணியைப் பிடித்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

5. ஆணி வளைந்தால் பிடுங்காதீர்கள். மேல்நோக்கி மடக்கிவிடுங்கள். பொங்கலுக்கு மாவிலை கட்டலாம்.

6. மேலே பெயின்ற், மூன்று பூச்சு. உள்ளே கறையான் இருந்தால் அதற்கும் வெளிச்சம் ஆகாது. இரண்டு பேருக்கும் நிம்மதி.

7. கதவு இறுகினால் காலால் உதையுங்கள். மிச்சமிருக்கும் மரமும் பிளந்ததும் ஓடாவியாருக்குக் கோல் எடுங்கள்.

8. அவர் குந்தியிருந்து, பெயின்றைச் சுரண்டி, நகத்துக்குள் ஏறிய சீமெந்தைப் பார்ப்பார். "ஆர் தம்பி இதுக்குள்ள ஆணி அடிச்சது?"
"அது முந்தியே இருந்தது ஐயா."
"முதல் கோடையிலயே பசையை உள்ளுக்கு இறக்கி, கவ்வி போட்டு ஒரு இரவு விட்டிருந்தா முடிஞ்சிருக்கும்."
தலையாட்டுங்கள். புது நிலைக்கு விலை கேளுங்கள்.

9. புது நிலை வைக்க நாள் பாருங்கள், நட்சத்திரம் பாருங்கள், இராகுகாலம் பாருங்கள். மரம் காய்ந்ததா என்று மட்டும் பார்க்காதீர்கள்.