நப்பாசையியல்: பிளேஆஃப் கணக்கும் தற்காப்புப் பயிற்சியாளரின் தலையும்

தோற்றுக்கொண்டே இருக்கும் அணிக்கு இன்னும் வாய்ப்பு இருக்கிறது என்று நிறுவும் துறை நப்பாசையியல் எனப்படும். எல்லா விளையாட்டிலும் இதன் சாயல் உண்டு. முழு வளர்ச்சி கண்டது அமெரிக்கக் கால்பந்தில்தான். அங்கே தேசியக் கால்பந்து லீக்கின் 32 அணிகள் இரண்டு கான்ஃபரன்ஸ், எட்டு டிவிஷன் எனப் பிரிந்து ஆளுக்கு 17 ஆட்டங்கள் ஆடுகின்றன. கான்ஃபரன்ஸுக்கு ஏழு பேராக 14 அணிகள் பிளேஆஃபுக்குப் போகும். டிவிஷனில் முதலிடம் பிடித்த நால்வர் நேராக நுழைவார்கள். மற்றவர்களில் மூவருக்கு ஒயில்டு கார்டு கிடைக்கும். 14 இடம் இருக்கும்போது நம் அணிக்கு ஒன்று கிடைக்காமலா போய்விடும் என்பதே இத்துறையின் முதல் சூத்திரம். வாரத்துக்கு ஓர் ஆட்டம்தான் என்பது கூடுதல் வசதி. ஞாயிற்றுக்கிழமை வாங்கிய அடியை ஆராய அடுத்த ஆட்டம் வரை அவகாசம் கிடைக்கிறது.

ரசிகரின் பார்வை பருவத்தோடு சேர்ந்து விரிகிறது. செப்டம்பரில் அவர் புள்ளிப்பட்டியலைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அக்டோபரில் தம் அணிக்கு மிச்சமுள்ள ஆட்டங்களை எண்ணுகிறார். நவம்பரில் போட்டி அணிகளின் மிச்ச ஆட்டங்களையும் எண்ணுகிறார். டிசம்பர் வந்துவிட்டால், பிறந்ததிலிருந்து வெறுத்துவந்த ஓர் அணி இந்த ஒரு ஞாயிறு மட்டும் ஜெயிக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறார். நான்கு வெற்றி, ஏழு தோல்வி என்று நிற்கும் அணியின் ரசிகரைச் சற்று அருகில் சென்று கவனிக்கலாம். மிச்சம் ஆறு ஆட்டம்; ஆறையும் வென்றால் 10-7, உறுதியாக உள்ளே. ஒன்றை விட்டாலும் 9-8. அப்போது சமநிலை விதிகளைப் பார்க்க வேண்டும். நேருக்கு நேர் மோதியது, டிவிஷனுக்குள் வென்றது, பொதுவான எதிரிகளிடம் வென்றது, தாம் வீழ்த்திய அணிகளின் வலிமை என்று படிப்படியாக இறங்கும் அந்த விதிகள் கடைசியில் நாணயம் சுண்டுவதில் போய் நிற்கின்றன. அத்தனை படியும் ரசிகருக்கு மனப்பாடம். பதினொன்றில் நான்கை மட்டும் வென்ற அணி இனி ஆறில் ஆறையும் எப்படி வெல்லும் என்று கேட்பது மரபன்று.

துறைக்குச் சான்று நூல்கள் இல்லாவிட்டாலும் முன்னுதாரணங்கள் உண்டு. தலையாயது 2010 பருவத்தின் சியாட்டில் சீஹாக்ஸ். ஏழு வெற்றி, ஒன்பது தோல்வியோடு (அன்று ஆளுக்கு 16 ஆட்டம்தான்), டிவிஷனில் மற்ற மூவரில் யாரும் அதை முந்தாத புண்ணியத்தில், அது பிளேஆஃபுக்குள் நுழைந்தது. அங்கே நடப்புச் சாம்பியனான நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸை 41-36 என்று வீழ்த்தவும் செய்தது. மார்ஷான் லின்ச் 67 கெஜம் ஓடி டச்டவுன் எடுத்தபோது ரசிகர்கள் குதித்த குதி அருகிலிருந்த நிலநடுக்கப் பதிவுக் கருவியில் பதிவானது. நப்பாசையை அறிவியல் கருவி அளந்த நிகழ்வு என்பதால் இதற்குத் தனி மதிப்பு. அடுத்த வாரமே சிகாகோவிடம் தோற்றார்கள் என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

பிறர் தயவுக்கு எடுத்துக்காட்டு பஃபலோ பில்ஸ். 17 ஆண்டுகளாகப் பிளேஆஃப் வாசலை மிதிக்காத அந்த அணி, 2017 டிசம்பர் 31 அன்று தன் ஆட்டத்தை வென்றுவிட்டு, சின்சினாட்டி அணி பால்டிமோரை வெல்லுமா என்று காத்திருந்தது. ஒரு நிமிடம்கூட மிச்சமில்லாத நேரத்தில் நான்காவது முயற்சியில் சின்சினாட்டியின் ஆண்டி டால்டன் வீசிய பந்து 49 கெஜ டச்டவுன் ஆக, பஃபலோ உள்ளே போயிற்று. பஃபலோ ரசிகர்கள் டால்டனின் அறக்கட்டளைக்கு, ஆண்டுக்கு ஒரு டாலர் வீதம் போலும், 17 டாலர் 17 டாலராக அனுப்பி நன்றி சொன்னார்கள். நப்பாசைக்காரர்கள் கடனாளிகளாக இருப்பதில்லை.

இனித் துறையின் மறுபாதி. அணி தேறும் என்று நம்ப வேண்டுமானால், இதுவரை தேறாததற்கு எளிதில் நீக்கக்கூடிய ஒரு காரணம் வேண்டும். உரிமையாளரை யாரும் வேலையைவிட்டுத் தூக்க முடியாது. பந்தை வீசித் தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக்கின் பெயர் போட்ட சட்டையைக் காசு கொடுத்து வாங்கியாயிற்று. 53 வீரர்களையும் மாற்ற வழியில்லை. மிஞ்சுபவர், பெரிய அட்டையால் வாயை மறைத்துக்கொண்டு உத்தரவு சொல்லும் தற்காப்புப் பயிற்சியாளர். அவரை மாற்றினால் எல்லாம் சரியாகும் என்பதால்தான் எல்லாம் சரியாகும் என்ற நம்பிக்கையே நிற்கிறது. பிளேஆஃப் கணக்கும் அவர் தலைக்கு வைக்கும் குறியும் ஒரே பேரேட்டின் இரண்டு பக்கங்கள்.

அவர் மீதான குற்றச்சாட்டு எந்நாளும் ஒன்றே. ஆட்டத்துக்கு ஏற்பத் திசை மட்டும் மாறும். கூடுதல் ஆட்களை ஏவி எதிரணியின் குவார்ட்டர்பேக்கை நெருக்குவது பிளிட்ஸ். பிளிட்ஸ் போய்ப் பின்னால் பந்து பறந்தால், காவலைக் காலியாக விட்ட மடையன். போகாமல் பந்து பறந்தால், நெருக்கத் தெரியாத கோழை. கடைசி நிமிடங்களில் ஆட்களைப் பின்னுக்கு இழுத்து முன்னிலையைக் காப்பாற்றப் பார்த்துத் தோற்றாலோ, இரண்டு பட்டமும் ஒருசேரக் கிடைக்கும்.

இரு பாதியும் ஒரே இடத்தில் கூடிய வழக்கு 2001இன் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ். குவார்ட்டர்பேக் பெய்டன் மேனிங்கின் தாக்குதல் அணி அந்தப் பருவத்தில் 413 புள்ளிகள் குவித்தது, லீக்கில் இரண்டாமிடம். தற்காப்பு 486 புள்ளிகளைக் கொடுத்தது, லீக்கிலேயே கடைசி. தற்காப்புக்குப் பொறுப்பு விக் ஃபேஞ்சியோ. நவம்பர் 25 அன்று சான் பிரான்சிஸ்கோவிடம் 40-21 என்று தோற்று 4-6 ஆனபோது, பிளேஆஃப் வாய்ப்பு பற்றி நிருபர் ஒருவர் தலைமைப் பயிற்சியாளர் ஜிம் மோராவிடம் கேட்டார். பிளேஆஃபா என்று குரல் கீச்சிட மோரா திருப்பிக் கேட்டார். ஓர் ஆட்டம் ஜெயித்தால் போதும் என்றார். அந்தக் காட்சி பிற்பாடு பீர் விளம்பரம்வரை போனது. ஆறும் வென்றால் 10-6 ஆகியிருக்கலாம் என்ற நிலையில் பயிற்சியாளரே இப்படிப் பேசியது, துறையின் பார்வையில், சமயத் துரோகம்.

கவனிக்க வேண்டிய சங்கதி வேறு. அன்று மோராவின் கோபம் தற்காப்பின் மீது அல்ல. தாக்குதல் அணி ஐந்து முறை பந்தைப் பறிகொடுத்திருந்தது. அதில் நான்கு, மேனிங் வீசி எதிரணி பிடித்த இன்டர்செப்ஷன்கள். ஆனால் 6-10 என்று பருவம் முடிந்ததும் நிர்வாகம் கேட்டது ஃபேஞ்சியோவின் தலையை. மோரா கொடுக்க மறுத்தார். 2002 ஜனவரியில் அவரே வேலையை இழந்தார்.

அடுத்து வந்த டோனி டன்ஜி தற்காப்பில் பேர்போனவர். கொடுத்த புள்ளிகள் அந்த ஆண்டே 313 ஆகக் குறைந்தன. அணி 10-6 என்று பிளேஆஃபுக்குப் போனது. ரசிகர்கள் சொன்னது சரிதான் என்று இங்கேயே கட்டுரையை முடித்துவிடலாம். ஆனால் அந்தப் பிளேஆஃப் ஆட்டத்தில் ஜெட்ஸ் 41-0 என்று அடித்தது. 2006இல் இதே டன்ஜியின் அணி, ஓடிவரும் எதிரியைத் தடுப்பதில் லீக்கின் கடைசி இடம். ஜாக்சன்வில் ஒரே ஆட்டத்தில் 375 கெஜம் ஓடியது. பிளேஆஃப் வந்ததும் அதே தற்காப்பு கேன்சஸ் சிட்டியை 44 கெஜத்தில் கட்டிப்போட்டது. காயத்திலிருந்து தற்காப்பு வீரர் பாப் சாண்டர்ஸ் திரும்பியது ஒரு காரணம். முழு விளக்கம் எந்தத் தரப்பிடமும் இல்லை. 2007 பிப்ரவரியில் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலின் கோப்பையும் வந்தது.

ஃபேஞ்சியோ அடுத்து ஹூஸ்டன் டெக்ஸன்ஸுக்குப் போனார். அந்தப் புது அணி கோல்ட்ஸின் டிவிஷனிலேயே இருந்ததால் ஆண்டுக்கு இரண்டு முறை மேனிங்கைத் தடுக்கும் வேலை அவருக்கு வாய்த்தது. பிறகு சான் பிரான்சிஸ்கோ, சிகாகோ, டென்வர், மயாமி என்று சுற்றி 2024இல் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸின் தற்காப்புப் பொறுப்புக்கு வந்தார். நான்காவது ஆட்டத்தில் டாம்பா பே 33 புள்ளி அடித்து ஈகிள்ஸ் 2-2 என்று நின்றது. பேரேட்டில் அவர் பெயருக்குப் பக்கம் திறக்க அதுவே போதும். 2025 பிப்ரவரி 9 அன்று சூப்பர் பௌலில் கேன்சஸ் சிட்டியை ஈகிள்ஸ் 40-22 என்று வென்றது. கேன்சஸ் சிட்டியின் குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ் ஆறு முறை தரையில் சாய்க்கப்பட்டார். ஆட்டம் முழுவதும் ஃபேஞ்சியோ ஒரு பிளிட்ஸ்கூட அனுப்பவில்லை.