மூணு மாயாவிக்கு ஒரு அலமாரி

ஓணத்துக்குப் பத்து நாள் பள்ளிக்கூடம் அடைத்தால், கேரள எல்லையோரம் எங்கள் திருப்புறத்தில் மற்ற வீடுகளில் ஊஞ்சல் கட்டுவார்கள், அத்தப்பூ போடுவார்கள். அண்ணன் வீட்டில் காமிக்ஸ் அடுக்குவார்கள். "எடே, சும்மாதானே இருக்க, வந்து ஒரு கை பிடி" என்று ஃபோன் வரும். ஒரு கைதானே என்று நம்பிப் போனவன் இரண்டு கையையும் இடுப்பையும் கொடுத்துவிட்டு, ஒரு வாரத் தும்மலை வாங்கிக்கொண்டு திரும்புவான். நேந்திரங்காய் உப்பேரி கிடைக்கும், மறுக்கவில்லை. ஆனால் உப்பேரி தின்ற கையோடு முத்து காமிக்ஸைத் தொட்டுப் பாருங்கள், அன்றைக்கே உறவு முறிந்துவிடும்.

காமிக்ஸ் சேர்க்கிறவர்கள் வேறு ரகம். அவர்கள் ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்கும் ஆகஸ்டில் ஈரோட்டுப் புத்தகத் திருவிழாவுக்கும் போவார்கள். பழைய பேப்பர் கடைக்காரரின் மகள் கல்யாணத்துக்கு மொய்யும் வைப்பார்கள். அண்ணனும் ஒரு காலத்தில் அப்படி அலைந்தவர்தான். பாறசாலையில் ரயிலேறி நாகர்கோவில், பஸ் பிடித்துத் திருவனந்தபுரம் பாளையம் என்று பழைய புத்தகத்துக்காகத் திரிந்தவர். 1985ல் சென்னை மூர் மார்க்கெட் எரிந்த செய்தி பேப்பரில் வந்த அன்று அவர் சோறு உண்ணவில்லை என்று பெரியம்மை சொல்வாள். அந்தக் காலம் முடிந்தது. சேர்ப்பதற்கு ஒரு முடிவு உண்டு, பணம் தீரும் அல்லது கால் வலிக்கும். அடுக்குவதற்கு முடிவு கிடையாது.

ஆரம்பத்தில் நம்பர் முறை. சிவகாசியில் 1972ல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக 'இரும்புக்கை மாயாவி' வந்ததிலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக. நியாயமான முறை. அதோடு மனுஷர் நிறுத்தியிருக்கலாம். ஆனால் நம்பர் வரிசையில் ஒரு தொல்லை உண்டு, இல்லாத புத்தகம் உடனே தெரிந்துவிடும். இருக்கிற நூறு புத்தகம் அவர் கண்ணில் படாது. இல்லாத ஒன்று ராத்திரி இரண்டு மணிக்கு அவரை எழுப்பி உட்கார வைக்கும். இதற்கு அவர் கண்டுபிடித்த மருந்து அபாரமானது. முறையை மாற்றிவிட்டால் ஓட்டை மறைந்துவிடும் அல்லவா? அவருடைய எல்லாச் சீர்திருத்தங்களுக்கும் பின்னால் இந்த ஒரே காரணம்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆகவே ஆண்டு முறை வந்தது. 1984 வரைக்கும் அது சமாளித்தது. அந்த ஆண்டில்தான் மாடஸ்டி பிளைசியோடு லயன் காமிக்ஸ் பிறந்தது. ஜேம்ஸ் பாண்டோடு ராணி காமிக்ஸ் பிறந்ததும் அதே ஆண்டில். மலையாளத்தில் பாலரமாவில் மாயாவி தொடர் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். அதுவரை பல வருஷத்துக்கு ஒரு தட்டு போதும் என்றிருந்த அலமாரி, அதற்கப்புறம் வருஷத்துக்கு ஒரு தட்டு கேட்டது. பலகை நடுவில் தொய்ந்தது. அண்ணன் அதற்குக் கீழே இரண்டு செங்கல் வைத்தார். மைனி அந்தச் செங்கல்லைப் பார்த்து, "அடுப்புக்கு வாங்கினது" என்று மட்டும் சொன்னார்.

பிறகு உயர முறை. இது நாலு நாள்கூடத் தாங்கவில்லை. பாக்கெட் சைஸில் வந்த பழைய லயன் எல்லாம் ஒரு மூலையில் குன்றி நின்றது. 2010ல் பதினெட்டுப் பாகமும் ஒன்றாகச் சேர்ந்து வந்த 'இரத்தப் படலம்' ஒரு பக்கம் முட்டுக் கொடுத்துக்கொண்டு நின்றது. நினைவு தப்பித் தான் யார் என்றே தெரியாமல் அலையும் ஒருவனின் கதை அது. அண்ணன் வீட்டில் அதன் உத்தியோகம் மற்ற புத்தகங்கள் சரியாமல் பார்த்துக்கொள்வது.

சரிவதிலும் அவற்றைக் குறை சொல்ல முடியாது. நடுவில் பின் அடித்த புத்தகத்துக்கு முதுகு இல்லை. முதுகு இல்லாததால் நிமிர்த்தி வைத்தால் வளையும், படுக்க வைத்தால் பெயர் தெரியாது. ராணி காமிக்ஸ் 2005 வரை 500 இதழ் வந்தது. அத்தனைக்கும் ஒரு சீட்டு, சீட்டில் நம்பர், நம்பர் வெளியே தெரிய ஒரு நாக்கு என்று கத்தரித்து ஒட்டுவதுதான் போன ஓணத்துக்கு எனக்குக் கிடைத்த வேலை. ஒட்டி முடித்த சாயங்காலம் அவர் நாடியைத் தடவிக்கொண்டு, "எடே, நம்பர் வேண்டாம்னு தோணுது. நாயகன் முறைதான் சரி" என்றார்.

நாயகன் முறை என்றால் டெக்ஸ் வில்லர் ஒரு தட்டு, லக்கி லூக் ஒரு தட்டு, ஸ்பைடர் ஒரு தட்டு. கேட்க நன்றாகத்தான் இருந்தது. 'மா' வரும்வரை.

எல்லை ஊரில் பிறந்தவனுக்கு மாயாவி ஒருவர் அல்ல, மூன்று பேர். முத்து காமிக்ஸ் மாயாவிக்கு வலது கை இரும்பு. பிரிட்டனில் 'வேலியண்ட்' பத்திரிகையில் 1962ல் லூயிஸ் கிராண்டெல் என்ற பெயரில் தொடங்கியவர். மின்சாரத்தில் கை வைத்தால் உடம்பு மறைந்து இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். (அண்ணன் கரண்ட் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்ததே இதை நம்பித்தான் என்பது மைனியின் கட்சி. ஓய்வு பெறும்வரை ஒருநாளும் மறையவில்லை என்பது அவருடைய வருத்தம்.) ராணி காமிக்ஸின் முகமூடி வீரர் மாயாவி முற்றிலும் வேறு ஆள், காட்டில் மண்டையோட்டுக் குகையில் இருக்கும் ஃபேண்டம். பாலரமாவின் மாயாவியோ கொம்பும் வாலும் கையில் மந்திரக்கோலும் உள்ள குட்டி. குட்டூசனும் டாகினியும் லுட்டாப்பியும் அவனைப் பிடிக்க அலைவார்கள். ராஜுவும் ராதாவும் கூப்பிட்டால் வந்து நிற்பான்.

மூன்று பேரையும் ஒரே தட்டில் வைத்தார் அண்ணன். அரை மணி நேரம் தள்ளி நின்று பார்த்தார். சரியில்லை. முகமூடிக்காரரைத் தூக்கி 'வே'க்கு மாற்றினார், ஏனென்றால் முத்து காமிக்ஸில் அவரே வேதாளர். இப்போது இன்னொரு கவலை. அட்டையில் மாயாவி என்று போட்டிருக்கிறதே, தேடி வருகிறவன் 'மா'வில் அல்லவா பார்ப்பான்? ராணி காமிக்ஸ்காரர் மறுபடி 'மா'வுக்கு வந்தார், முத்து காமிக்ஸின் வேதாளர் 'வே'யிலேயே நின்றார். இந்திரஜால் காமிக்ஸில் வந்த அதே ஆள் மட்டும் 'இ'யில் அனாதையாக நின்றார். ஆக ஒரே மனிதர் ஒரே அறையில் மூன்று இடத்தில். மைனி சாயா கொண்டு வந்தவர் இதைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "ஒருத்தருக்கும் ஒண்ணும் எடுத்துக் குடுக்கப்பிடாதுன்னு சொல்லுதாரு. பொறவு தேடி வாறவனுக்குக் கெடைக்கணுமேன்னு கவலையும் படுதாரு. கேட்டியா?"

கபீஷ் குரங்கு அடுத்த வழக்கு. கொச்சியில் பை கம்பெனியார் மலையாளத்தில் 'பூம்பாற்றா' நடத்தினார்கள், தமிழில் வாண்டுமாமாவை ஆசிரியராக வைத்து 'பூந்தளிர்' நடத்தினார்கள். இரண்டிலும் கபீஷ் உண்டு. நாயகன் முறைப்படி இரண்டும் ஒரே தட்டு, மொழி முறைப்படி இரண்டு அலமாரி. "நடுவிலே வச்சுப் போடுங்க. அதுக்குத்தான் நீளுத வால் உண்டே, ரெண்டு பக்கமும் எட்டும்" என்றேன். அண்ணன் சிரிக்கவில்லை. அடுக்கும்போது அவர் சிரிப்பதில்லை.

இந்திரஜால் விஷயத்தில் மட்டும் நான் அவரை மதிக்கிறேன். ஆங்கில இந்திரஜால் 1964ல் தொடங்கி 1990 வரை வந்தது. 443 வரை நேர் நம்பர் போட்டுக்கொண்டு வந்தவர்கள், திடீரென்று தொகுதி நம்பர், இதழ் நம்பர் என்று மாற்றிவிட்டார்கள். அடுக்குகிற ஜாதகக்காரனுக்கு இதைவிடப் பெரிய கண்டம் கிடையாது. அதுகூடப் பரவாயில்லை. 123, 124 என்ற இரண்டு இதழ்களும் வெளிவரவே இல்லை, அச்சிட்ட நிறுவனத்தில் வேலைநிறுத்தம். அந்த இரண்டு நம்பரையும் உலகத்தில் எவனாலும் வாங்க முடியாது. இதை அண்ணன் எப்படித் தீர்த்தார் தெரியுமா? இரண்டு காலி பிளாஸ்டிக் உறையை 122க்கும் 125க்கும் இடையில் வைத்தார். உள்ளே ஒரு சீட்டு: 'சமரம்'. கேரளத்துக்காரர் அல்லவா, வேலைநிறுத்தத்துக்கு உரிய இடத்தைக் கொடுத்துவிட்டார். வெளிவராத அந்த இரண்டு புத்தகமும்தான் அவரிடம் செதல் அரிக்காமல், துரு ஏறாமல், மஞ்சளாகாமல் பழுதற்று இருப்பவை.

மற்றவை எல்லாம் மஞ்சள்தான். மலிவு நியூஸ்பிரிண்ட் தாளின் மரக்கூழில் இருக்கும் லிக்னின் வெளிச்சமும் காற்றும் பட்டால் நிறம் மாறி, தாள் மொறுமொறுவென்று உடையும். அதோடு எங்கள் ஊர் ஈரம். இடவப்பாதி மழை இறங்கினால் சுவர் வேர்க்கும், கர்க்கடகத்தில் பின் துருப்பிடித்துத் தாளில் தவிட்டு நிறத்தில் இறங்கும், பக்கங்களை இரட்டைவாலன் பூச்சி சுரண்டும். சிங்கத்தில் வெயில் வந்ததும் ஊரார் நெல்லும் மிளகும் காயப்போடும் முற்றத்தில் இவரும் காயப்போடுவார் என்று நினைக்காதீர்கள். வெயில் ஆகாது. திண்ணையில் பாய் விரித்து, நிழலில், மின்விசிறிக் காற்றில். கரண்ட் போனால் விசிறிக்கொண்டு உட்காருவது என் போன்றவர்கள்.

துருப்பிடித்த பின்னை நகத்தால் நெம்பி எடுத்துவிட்டு வெள்ளை நூலால் கோர்ப்பார். இதில் அவர் கை நேர்த்தி, பார்க்கப் பார்க்கக் கோபம் வடிந்துவிடும். அப்புறம் பிளாஸ்டிக் உறை. உறைக்குள் புத்தகம் வளையாமலிருக்கப் புதுச்சட்டையோடு வரும் அட்டை. அதற்காகவே நெய்யாற்றின்கரையில் ஒரு துணிக்கடையில் நட்பு வைத்திருக்கிறார். அட்டை தீர்ந்துவிட்டால் சட்டை வாங்குவார். அந்த அட்டையிலேயே அமிலம் இருக்கிறது, தாளை அது இன்னும் சீக்கிரம் கெடுக்கும் என்று பெங்களூரில் இருக்கும் மகன் சொன்னபிறகு ஒரு மாதம் அவர் யாரோடும் பேசவில்லை. பிறகு எல்லா அட்டையையும் உருவும் வேலை வந்தது. எனக்கு ஃபோன் வந்தது.

அமெரிக்காவில் இந்த வியாதி முற்றிவிட்டது. 2000ஆம் ஆண்டிலிருந்து அங்கே சிஜிசி என்றொரு நிறுவனம் இருக்கிறது. காமிக்ஸை அனுப்பினால் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டுக் கட்டியான பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடித் திருப்பி அனுப்புவார்கள். பெட்டியை உடைத்தால் மார்க் போச்சு. 1938ல் பத்து சென்ட்டுக்கு விற்ற, சூப்பர்மேன் முதலில் வந்த 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழின் ஒரு பிரதி இப்படிப் பெட்டிக்குள் இருந்தபடியே 2024ல் 60 லட்சம் டாலருக்குப் போனது. வாங்கினவர் அட்டையை மட்டும்தான் பார்ப்பார். அண்ணனிடம் இதை நான் கேலியாகத்தான் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்போ பிரிக்கவே முடியாதா!" என்றார், சொர்க்கத்தைப் பற்றிக் கேட்டவர் போல.

இங்கேதான் எனக்குக் கேலி வற்றிப்போகிறது. இந்த மனுஷர் கடைசியாக ஒரு காமிக்ஸை வாசித்தது எப்போது என்று அவருக்கே தெரியாது. பின் இருக்கிறதா, நடுப்பக்கம் இருக்கிறதா, விளம்பரப் பக்கம் கிழியாமல் இருக்கிறதா என்று புரட்டுவார். கதை இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. ஒவ்வொன்றிலும் மூன்று பிரதி இருந்தால் ஒன்று வைப்பதற்கு, ஒன்று மாற்றிக்கொள்வதற்கு, ஒன்று வாசிப்பதற்கு என்பார். வாசிப்பதற்கான பிரதியும் இப்போது உறைக்குள் போய்விட்டது.

அவர் வாசித்த காலம் ஒன்று உண்டு. 1956ல் மாநில எல்லை பிரித்தபோது விளவங்கோடு தமிழ்ப் பக்கம் போனது, நேசமணி தலைமையில் தமிழர்கள் கேட்டும் எங்கள் நெய்யாற்றின்கரை கேரளத்துப் பக்கமே நின்றது. அதன்பிறகு எங்கள் வீடுகளில் பேச்சு தமிழ், பள்ளிக்கூடம் மலையாளம். எனக்கும் அண்ணனுக்கும் தமிழ் எழுத்தைக் கற்றுத் தந்தது எந்த வாத்தியாரும் அல்ல. களியக்காவிளைச் சந்தைக்குப் போன பெரியப்பா வாங்கி வந்த முத்து காமிக்ஸ். ஐந்து பையன்கள் பலா மரத்தடியில் குப்புறக் கிடந்து, முந்தினவன் முடிக்குமுன் பக்கத்தைப் புரட்டக் கூடாது என்று அடித்துக்கொண்டு, படத்தைப் பார்த்து எழுத்தை ஊகித்து, எழுத்தைப் பிடித்துக் கதையை ஊகித்துப் படித்தோம். அந்தப் பிரதி ஒன்று இன்னமும் அவரிடம் இருக்கிறது. அட்டை இல்லை. முதல் பக்கத்தில் அவர் பெயரை அவரே பால்பாயிண்ட் பேனாவால், மலையாள எழுத்தில், கோணல் மாணலாக எழுதியிருக்கிறார். எழுத்து இருப்பதால் பிரதியின் தரம் குறைவு என்று பட்டியலில் குறித்திருக்கிறார். ஆனால் அதைவிட நல்ல பிரதி இரண்டு கிடைத்த பிறகும் அதை அவர் தள்ளவில்லை. சாமி அறையில் வைத்திருக்கிறார். எந்த முறைக்கும் அது உட்பட்டதல்ல.

பேரன் இப்போது நாலாம் வகுப்பு, இங்கே தாத்தாவோடு இருந்துதான் படிக்கிறான். பாலரமாவைச் சரளமாக வாசிப்பான். தமிழ் எழுத்தை அண்டை வீட்டு நாயைப் பார்ப்பதைப் போலத் தள்ளி நின்று பார்ப்பான். அலமாரிச் சாவி அண்ணன் இடுப்பில். இது எனக்குப் பொறுக்கவில்லை. இவ்வளவு தமிழை வாங்கிக் குவித்து, துடைத்து, நூல் கோர்த்து, நம்பர் போட்டு, கடைசியில் வீட்டுப் பிள்ளைக்குக் காட்டாமல் வைப்பதை நான் சேகரிப்பு என்று சொல்ல மாட்டேன். மைனி அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்: "சவத்த, பூட்டி வச்சு பூசை செய்யட்டும்."

இந்த ஓணத்துக்குப் போனபோது கேட்டேவிட்டேன். "அண்ணா, நல்லதை எல்லாம் நீங்களே வச்சுக்கிடுங்க. எப்படியும் ரெண்டு மூணு பிரதி கிடக்குதவை காணும்லா? அதில ஒரு பத்து, பயலுக்குக் குடுத்தா என்ன? கிழிச்சாலும் கிழிக்கட்டும்."

நான் எதிர்பார்க்கவில்லை, அவர் கோபப்படவில்லை. வாசலில் நின்ற பையனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீ சொல்லுதது நியாயம்டே. குடுத்துரலாம்" என்றார். "ஆனா எதெல்லாம் ரெண்டு பிரதி இருக்குன்னு தெரியணும்லா? அதுக்கு எல்லாத்தையும் எடுத்துத் திரும்ப ஒண்ணு அடுக்கிப் பாக்கணும். நீ நாளைக்கு வெள்ளென வா."